வன்னியும் கோதுமை மாவும்

இன்றைய மாணவர் பாணும் ரோல்சும் கொத்துரொட்டியும் உடனடி நூடில்சும் உண்டு பொழுது கழிப்பதைச் சோம்பலின் விளைவென மூத்தோர் கடிந்துகொள்வர். வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரையில் இக்கூற்று அரையுண்மையே. நெல் விளையும் அந்நிலத்திற்குக் கோதுமை மா நாவின் விருப்பினால் வந்ததன்று. தட்டுப்பாடே அதனைக் கொணர்ந்தது.

வன்னியின் பழைய உணவு குளத்தையும் காட்டையும் சார்ந்தது. குளத்தின்கீழ் நெல்லும், காடு வெட்டிய சேனையிற் குரக்கன், சாமை, எள், பயறு முதலியனவும் விளைந்தன. நெல்லை அவித்துக் குற்றியமையால் தவிட்டின் உயிர்ச்சத்துக்களில் ஒரு பகுதி அரிசிமணியினுள்ளே சென்று தங்கிற்று. குரக்கனோ 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உடையது. 1920இல் நிறைவெய்திய இரணைமடுக் குளமும், 1930களிற் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றமும் நெல்லை நம்பியே எழுந்தன.

1942இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோகவே, அரசு அரிசிப் பங்கீட்டைக் குறைத்துக் கோதுமை மாவை வழங்கலாயிற்று. போர் முடிந்த பின்னரும் மா போகவில்லை. பின்னாளில் அமெரிக்க உதவியாகவும் அது வந்தமையாற்போலும், வடபுலத்து அடுக்களைகளில் 'அமெரிக்கன் மா' என்னும் பெயர் நிலைத்தது.

ஆயினும் அடுக்களை அதற்கு எளிதிற் பணிந்துவிடவில்லை. பச்சைக் கோதுமை மாவில் நீர் பட்டாற் பசைபோல் ஒட்டும், பிட்டுக்கு உதவாது. எனவே பெண்கள் அதனைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு கட்டியுடைத்து, அரிதட்டில் அரித்தெடுத்தனர். அவித்த மா அரிசி மாவைப்போல் உதிர்ந்தது. பிட்டாகவும் இடியப்பமாகவும் உருமாறிற்று. அந்நிய தானியமொன்றைத் தம் பண்டமாக்கிய இந்நுட்பம் வரலாற்று நூல்களில் இடம்பெறத்தக்கது.

1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டு இளைஞர் மிளகாயினாற் செழித்தனர். பாணுக்கோ மக்கள் வரிசையில் நின்றனர். 1977இல் சந்தை திறக்கப்பட்டது. 1980இல் திருகோணமலையிற் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கிற்று.

பின்னர் வந்தது போர். 1990 முதற் பொருளாதாரத் தடை. 1995இன் பின் பெரும் இடப்பெயர்வு. 2009இற் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்கள். ஆங்கு அரிசியோடு கோதுமை மாவும் பருப்புமே நிவாரணப் பங்கீடாயின. அம்முகாம்களிற் சிறுபிள்ளைகளாயிருந்தோர் இன்று பல்கலைக்கழகம் புகும் பருவத்தினர். அவர்தம் நாவைப் பழிப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பங்கீட்டு மா அடுக்களையினூடாகவே வாய்க்கு வந்தது. அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் பயிலும் மாணவருக்கு அது வெதுப்பகத்திலிருந்து சமைத்த பண்டமாகவே வருகின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்காகிப் பாணும் எட்டாப் பொருளானது. முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடையால் நெல் விளைச்சலும் வீழ்ந்திருந்தது. குரக்கன் பிட்டுக்கு மீளலாமெனின், வாடகை அறைகளில் நீத்துப்பெட்டிக்கும் அரிதட்டுக்கும் இடமிருக்கவில்லை; சமையல் எரிவாயுவும் கிடைத்தற்கரிதாயிருந்தது.