வரியாக வந்த கடன்

கடன் என்பது நாம் கேட்டு வாங்குவது. வரி என்பது கேட்காமலே நம் தலையில் விழுவது. கடன் கொடுத்தவன் வசூலிக்க வேண்டுமானால் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். வரி கேட்டு வருகிறவனுக்கு அந்தச் சிரமம் கிடையாது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை அழித்து, கடனையே வரியாக்கிவிட்டால்? இதைப் புதிய கண்டுபிடிப்பு போலச் சிலர் பேசுகிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிணறுகளின் கதை தெரிந்தவர்களுக்கு இது பழைய சரக்கு.

முதலில் புதியதைப் பார்ப்போம். 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரசபை, வீட்டுக் கூரைகளில் சூரியத்தகடு போட முன்பணம் தர ஆரம்பித்தது. வாங்கியவர் இருபது வருஷத்தில் சொத்து வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டை விற்றால் பாக்கி வாங்கியவரிடம் போகும். அதாவது கடன் மனிதன் மேல் இல்லை, கட்டடத்தின் மேல். வேறு பல ஊர்களுக்கும் இது பரவியது. வீடுகளோடு வியாபாரக் கட்டடங்களும் சேர்ந்தன. 2010இல் வீட்டு அடமானக் கடன்களை மேற்பார்க்கும் அமெரிக்க மத்திய அமைப்பு முரண்டு பிடித்தது. வரி என்று பெயர் வைத்ததால் இந்தப் பாக்கி அடமானக்காரனுக்கும் முன்னால் போய் நிற்கிறது என்பது அதன் கவலை. குடியிருப்பவர்களின் கவலை வேறு. ஒப்பந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினார்கள். வருமானத்தைவிட வீட்டின் மதிப்பே கணக்கில் வந்தது. வரி ஏறியதும் வயதானவர்களும் வறியவர்களும் வீடு பறிபோகும் நிலைக்கு வந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி 2020இல் வீடுகளுக்கான தன் திட்டத்தை நிறுத்திக்கொண்டது.

இப்போது பழையது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் சுடுகாடானது. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டம் வந்தது. கிணறு வெட்ட, வடிகால் எடுக்க, நிலம் திருத்த சர்க்கார் பணம் தரும். ஜனங்கள் வாயில் இது தக்காவிக் கடன். கட்டத் தவறினால்? நிலவரிப் பாக்கியாகப் பாவித்து, எந்த நிலத்துக்காகக் கடன் வாங்கினாயோ அந்த நிலத்திலிருந்தே வசூலிக்கலாம் என்றது சட்டம். மாகாணத்தில் 1864ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஜப்தி, ஏலம் எல்லாம் கலெக்டர் கச்சேரியிலேயே முடிந்துவிடும். வட்டிக்கடைக்காரனிடம் இல்லாத இந்த ஆயுதம் சர்க்காரிடம் இருந்தது. பெர்க்லி 2008இல் செய்ததன் எலும்புக்கூடு முழுக்க இதில் இருக்கிறது.

ஒரு நியாயமும் அதில் இருந்ததை மறைக்கக் கூடாது. கடன் வாங்கி நிலத்தை மேம்படுத்தினால், அந்த மதிப்பு உயர்வைக் காட்டித் தீர்வையை ஏற்றக் கூடாது என்று, சில விலக்குகளோடு, அதே சட்டம் பாதுகாப்பும் தந்தது. இன்றைய திட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் கச்சேரியில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பட்டா யாரு பேர்ல இருக்கு?" குத்தகைக்கு உழுதவன், கூலிக்குக் கமலை இறைத்தவன், சிவகிரி மாதிரி ஜமீனில் பயிர் செய்தவன் இவர்களெல்லாம் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வார்கள்? நிலம்தான் ஜாமீன் என்றால் நிலமற்றவனுக்கு அபிவிருத்தி கிடையாது என்று அர்த்தம். எழுபது வருஷம் கழித்து, 1951-52இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு கணக்கெடுத்தபோது, விவசாயி வாங்கிய கடனில் சர்க்கார் கொடுத்தது நூற்றுக்குச் சுமார் 3 ரூபாய்தான். கூட்டுறவின் பங்கும் அவ்வளவே. மிச்சத்தில் பெரும்பங்கு லேவாதேவிக்காரனுடையது.

1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. மெல்ல மெல்ல மாட்டின் இடத்தில் மோட்டார் வந்தது. கிணற்றுக் கடனோடு மோட்டார் கடன், கரெண்டு பில் எல்லாம் சேர்ந்தன. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த விவசாயிகள் இயக்கம் மின்கட்டணத்தையும் ஜப்தியையும் ஒரே மூச்சில் எதிர்த்தது தற்செயலல்ல. விசையும் கடனும் ஒரே சர்க்கார் கையில் இருந்தன. 1984இல் அவர் இறந்தது பக்கத்துக் கோவில்பட்டியில். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இந்த இலவசத்தைக் கேலி பேசுகிறவர்கள் அதற்கு முன்னால் நடந்த ஜப்திகளின் சரித்திரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நகரத்துக்கு வருவோம். 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிச் சட்டம் சொத்து வரிக்குள்ளேயே தண்ணீர் வரி, விளக்கு வரி என்று பகுத்து வைத்தது. நிலவரிக்கு அடுத்தபடியாக, கட்டடத்தின் மேல் முதல் பொறுப்பு இந்த வரிக்குத்தான் என்றும் எழுதியது. ஆக, விசைக் கடனை வீட்டு வரியில் ஏற்ற வேண்டுமென்றால் ஆணி ஏற்கெனவே அடித்திருக்கிறது, மாட்ட வேண்டியதுதான் பாக்கி. இதுவரை நம் பக்கம் நடந்தது வேறு மாதிரி. புனே மாநகராட்சி சூரிய வெந்நீர்க் கருவி வைத்தால் வரியில் தள்ளுபடி தருகிறது. 2024இல் வந்த மத்திய அரசின் கூரைச் சூரியசக்தித் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் வங்கிக் கடனும் தருகிறது.

சங்கரன்கோவில் தறிக்காரருக்கு இதில் என்ன? விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு இலவச மின்சாரம் 2006இல் 500 யூனிட், 2016இல் 750, 2023இல் 1000 ஆனது. அது தறியைப் பார்த்துக் கொடுப்பது, கூரை யாருடையது என்று கேட்பதில்லை. சூரியத்தகட்டுக்கோ கூரை வேண்டும். வாடகை வீட்டில் தறி போட்டவருக்குக் கூரை இல்லை. நாளை கடன் வீட்டு வரியாக வந்தால் வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றுவார். மின்சாரத்தில் மிச்சமாவது யாருக்கு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

சூரியனை எதிர்ப்பதல்ல நம் வேலை. நகராட்சி குறைந்த வட்டியில் கடன் கொடுப்பது நல்லதுதான். வரியின் பலத்தைக் கடனுக்குக் கொடுக்கும்போது மட்டும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். கட்டும் சக்தியைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பாக்கிக்காகக் குடியிருக்கும் வீட்டை ஏலம் போடக் கூடாது. கூரையில்லாத தறிக்காரருக்கும் விசையில் பங்கு வேண்டும். 1883இல் இதைக் கேட்க நிலமற்றவர்களுக்குச் சபை இல்லை. இன்று நகரமன்றம் இருக்கிறது, அதில் கேட்கலாம்.