மேலே ஆகாய கங்கை, கீழே புளியஞ்சோலை... ஒரே ஆறு! கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

எடமலைப்பட்டி புதூர்ல இருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால், மதியம் அருவித் தண்ணியில் கால் நனைக்கலாம். கொடைக்கானல், ஊட்டி என்று லீவு போட்டு அலைய வேண்டியதில்லை. திருச்சிக்காரங்களுக்குப் பக்கத்துலேயே காடு, மலை, ஆறு மூன்றும் சேர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கொல்லிமலை. ஆனா, அங்கே ஓடுகிற ஆற்றைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஒரே ஆறு, இரண்டு ஸ்பாட்

கொல்லிமலையின் மேல்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மலைமேல் ஓடி வரும் ஐயாறு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் சுமார் 300 அடி கீழே விழுகிறது. ஆகாய கங்கை என்பது இதுதான். அங்கிருந்து காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, மலையடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே ஓடுகிற இடம்தான் புளியஞ்சோலை. மேல இருப்பது நாமக்கல் மாவட்டம், கீழ இருப்பது நம்ம திருச்சி மாவட்டம். ஆறு ஒண்ணுதான்.

எப்படிப் போவது?

புளியஞ்சோலை: திருச்சியிலிருந்து சுமார் 70 கி.மீ. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, அங்கிருந்து உப்பிலியபுரம் வழியாகப் போகலாம். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போக இதுதான் வசதி.

ஆகாய கங்கை: முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். அங்கிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி. காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பிக்கும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடுதான் முக்கிய ஊர். நாமக்கல்லிலிருந்து பஸ்ஸும் இருக்கிறது. பைக்கில் போறவங்க அடிவாரத்திலேயே பெட்ரோலையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துக்கோங்க. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவதுதான் மலைப்பாதை விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், குறைந்த கியரில் மெதுவாக இறங்குங்க.

அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம்! இறங்குறப்போ ஜாலியா இருக்கும். களைத்துப்போன பிறகுதான் ஏற வேண்டியிருக்கும். மூட்டுவலி, இதய நோய் உள்ளவங்களை வற்புறுத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க. காலையிலேயே இறங்கிட்டா, வெளிச்சம் இருக்கும்போதே நிதானமாக மேலே வந்துடலாம்.

நேரம் இருந்தால் மாசிலா அருவி, நம்ம அருவி, சீக்குப்பாறை வியூ பாயின்ட். திரும்பும்போது மலை மிளகும் வாழைப்பழமும் வாங்கிட்டு வரலாம். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி 18 சமயத்தில் ஓரி விழா நடக்கும். அப்போ கூட்டமும் அதிகம்.

தலைக்கு மேல் வெயில், மலைக்கு மேல் மழை

இப்போ அந்த முக்கியமான விஷயம். புளியஞ்சோலையில் நீங்க நிற்கும்போது வானம் பளிச்சென்று இருக்கலாம். அதே நேரத்தில் மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே பெய்கிற தண்ணி பல ஓடைகள் வழியாக ஒரே பள்ளத்தாக்கில் வந்து சேரும். சரிவும் அதிகம், பாதையும் குறுகல். அதனால் தண்ணி மெல்ல மெல்ல ஏறாது, திடீரென்று வரும். புதூர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. நம்ம கோரையாறும் நம்ம தெருவில் பெய்த மழையால் மட்டும் நிரம்புவதில்லையே!

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மே மாதம், கோடைக்காலம் என்பதைக் கவனியுங்க. கோடை இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அருவி அழகாக இருப்பதும் அப்போதான், ஆபத்தாக இருப்பதும் அப்போதான்.

அதனால, ஆற்றில் இறங்கும் முன் தலைக்கு மேலே பார்க்காதீங்க, மலையைப் பாருங்க. உச்சியில் கருமேகம் இருந்தால் கரையிலேயே இருங்க. முந்தின நாளே நாமக்கல், திருச்சி இரண்டு மாவட்டங்களுக்கும் வானிலை எச்சரிக்கை பாருங்க. வனத்துறை தடை போட்டிருந்தால், 'ஓரமா நின்னு ஒரு செல்ஃபி மட்டும்' என்று கெஞ்ச வேண்டாம்.

இந்த அறிகுறி தெரிந்தால் உடனே வெளியே!

* தெளிந்த தண்ணி கலங்கலாக மாறுவது.
* இலை, சருகு, குச்சிகள் அதிகமாக மிதந்து வருவது.
* மேலிருந்து வரும் இரைச்சல் திடீரென்று கூடுவது.
* கொஞ்சம் முன்னாடி தெரிந்த பாறை தண்ணிக்குள் மறைவது.

ஒன்று தெரிந்தாலும் போதும். பையும் செருப்பும் போனால் போகட்டும். ஆற்றின் ஓரமாகவே ஓடாமல், கரையில் மேடான இடத்துக்கு ஏறுங்க. எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்க. முழங்கால் அளவு தண்ணிதானே என்று கடக்க வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணிக்கு ஆளைச் சாய்க்க அவ்வளவு ஆழம் போதும்.

யாராவது அடித்துச் செல்லப்பட்டால், நீச்சல் தெரியும் என்று பின்னாலேயே குதிக்காதீங்க. கயிறு, துப்பட்டா, நீளமான கம்பு எதையாவது கரையிலிருந்து நீட்டுங்க. 112-க்கு போன் பண்ணுங்க. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். அதனால எங்கே போறீங்க, எப்போ திரும்புவீங்க என்பதைக் கிளம்பும்போதே வீட்டில் ஒருத்தருக்கு மெசேஜ் போட்டுடுங்க.

காட்டுக்குள் நடக்கலாமா?

புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியாக மேலே ஏறிடலாம் என்று யாராவது ரீல்ஸ் போட்டிருப்பாங்க. வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீங்க. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் கடுமையாயின. மலையேற்றம்தான் உங்க ஆசை என்றால், தமிழக அரசு 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் அனுமதிக்கப்பட்ட பாதைகளைப் பார்த்து, வழிகாட்டியோடு போகலாம்.

கடைசியா ஒன்று. ஆற்றில் உடையும் ஒரு பீர் பாட்டில், அடுத்த வாரம் வரும் ஒரு குழந்தையின் காலைக் கிழிக்கும். பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம். கட்டுச்சோறு கொண்டு போறீங்களா, காலிப் பாத்திரத்தோடு குப்பையையும் திரும்ப எடுத்துட்டு வாங்க. ஹேப்பி ஜர்னி!