காரணமில்லாமல் ஓடுதல்: தாமிரபரணிக் கரையில் சில உடல்கள்

தமிழில் 'ஓடு' என்ற வினைக்குக் கெட்ட சகவாசம் அதிகம். ஓடிப்போனவள், ஓடுகாலி, ஓடி ஒளிந்தவன், கடன்பட்டு ஊரைவிட்டே ஓடினவன். பிழைப்பு 'ஏதோ ஓடுது' என்று சொல்வது ஒன்றுதான் இதில் கொஞ்சம் மரியாதையான ஓட்டம். ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்தில் ராஜா என்ற சொலவடையில்கூட ஓடுகிறவன் தப்பித்தவன்தான். அகப்பட்டவனுக்குத்தான் அட்டமத்தில் சனி. குழந்தை ஓடலாம், கன்றுக்குட்டி ஓடலாம். வளர்ந்த ஆள் ஓடினால் காரணம் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வாழ்க்கையில் முதன்முதலாக விடியற்காலையில் ஓடத் தொடங்கினால் அவருக்குக் கிடைக்கிற முதல் விசாரணை, "என்ன அண்ணாச்சி, இப்படி ஓடுதிய, வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?" என்பதாகத்தான் இருக்கும். இதை ஊர்க்காரர்களின் வெகுளித்தனம் என்று சிரித்துத் தள்ளிவிட முடியாது. அந்தக் கேள்விக்குள் ஒரு சரித்திரம் கிடக்கிறது.

மனிதன் இயற்கையாகவே ஓடப் பிறந்தவன், நாகரிகம் அதை மறக்கடித்துவிட்டது என்றொரு கதையாடல் இப்போது புழங்குகிறது. மானை விரட்டிய ஆதி வேட்டைக்காரனில் தொடங்கிக் காலணிக் கம்பெனி விளம்பரத்தில் அது முடியும். இடையில் வருகிற சில ஆயிரம் வருஷங்கள் அந்தக் கதையில் இல்லை. யார் யாரை ஓடவைத்தார்கள் என்ற கேள்வியும் இல்லை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே, வளர்ந்த உடல் இங்கே பெரும்பாலும் ஏதோ ஓர் உத்தரவை ஒட்டித்தான் ஓடியிருக்கிறது என்பது தெரியும். உத்தரவைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அதற்குக் கீழ்ப்படிந்து ஓடியிருக்கிறது. அதனிடமிருந்து தப்பியும் ஓடியிருக்கிறது. தன் இஷ்டத்துக்கு ஓடியது மிகச் சமீபத்தில்தான்.

சுமந்துகொண்டு ஓடியவன் தப்பால்காரன். 1837ஆம் வருஷத்து அஞ்சல் சட்டம் கடிதம் கொண்டுபோகும் உரிமையைக் கம்பெனி அரசின் ஏகபோகமாக்கியது. ஏகபோகம் காகிதத்தில் இருந்தது, கடிதப் பை மனிதத் தோளில் இருந்தது. சில மைல் தூரத்துக்கு ஓர் ஆள். அவன் ஓடிப்போய் அடுத்தவனிடம் பையைச் சேர்ப்பான். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றின் மேல் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அது ஒருவருடைய சொந்தக் காசில் கட்டப்பட்ட கதை ஊருக்கே தெரியும். அதன்மேல் பையோடு ஓடிய கால்களின் கதை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1876இல் ரயில் வந்தது. ரயில் போகாத ஊருக்கெல்லாம் அப்புறமும் ரன்னர்தான்.

மேற்கே செங்கோட்டை, 1956இல் மாநில எல்லைகள் மாற்றப்படும் வரை மலையாளத்துப் பக்கத்து ஆட்சியில் இருந்தது. அங்கே ஓடியது திருவிதாங்கூர் அரசின் 'அஞ்சல்'. 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. இன்று 'தபாலு'க்கு நாம் தூய தமிழாக எழுதுகிற 'அஞ்சல்' என்ற சொல்லிலேயே அந்த ஓட்டக்காரனின் கால்தடம் கொஞ்சம் இருக்கிறது. அவன் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். மணிச்சத்தம் கேட்டால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்தச் சத்தம் ஓடுகிறவனின் பெருமைக்காக வைத்ததல்ல. 'இவன் ஏன் ஓடுகிறான்' என்ற கேள்விக்கு ராஜாங்கம் முன்கூட்டியே சொல்லி அனுப்பிய பதில் அது. மணியைக் கீழே வைத்துவிட்டால் அதே சாலையில் அந்த உடல் வேறு உடல். சாலையில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது என்பதை மறக்கக்கூடாது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக 1924இல் சத்தியாக்கிரகம் தொடங்கி அடுத்த வருஷம் வரை நீண்டது. நடை இந்தக் கதியில் இருக்கும்போது ஓட்டத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவனுக்கு இராத்திரியில் வெளியே இருப்பதே குற்றம். அவன் விடியுமுன் ஓடினால் அது என்னவாக வாசிக்கப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கீழ்ப்படிந்து ஓடியதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அது எல்லோருக்கும் சொந்த அனுபவம். மிஷன் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நிறைந்த பாளையங்கோட்டையில் டிரில் வெகுகாலமாகப் பாடத்திட்டத்தின் பகுதி. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி விளையாட்டை ஒரு கல்வியாகவே கொண்டுவரப் பார்த்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பக்குக்குத் தொடர்பு உண்டு. ஆனால் கிராமத்துப் பள்ளிக்கூடம் வரை வந்து சேர்ந்தது என்ன? "ஏலேய், கிரவுண்ட மூணு சுத்து சுத்திட்டு வாலே!" பிந்தி வந்ததற்கும் வீட்டுப்பாடம் எழுதாததற்கும் கொடுத்த தண்டனை. ஃபூக்கோவின் 'பணியும் உடல்' எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு நாம் பிரெஞ்சு ராணுவ முகாம்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம்மில் பலருக்கும் கடைசியாக ஓடிய ஞாபகம் இந்தத் தண்டனைதான். பெண்களுக்கு அதுவும் பன்னிரண்டு பதின்மூன்று வயதோடு நின்றுபோகிறது. நாற்பதில் திரும்ப ஓட ஆரம்பிக்கிற உடல் இருபத்தைந்து வருஷ இடைவெளியை மட்டும் தாண்டினால் போதாது, அந்தத் தண்டனையின் ஞாபகத்தையும் தாண்ட வேண்டும்.

தப்பி ஓடியதுதான் மூன்றிலும் கனமானது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் எரிந்தன; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தப்பால்காரன் பை கொண்டுசேர்த்த அதே ஆபீஸ் எரிந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உத்தரவு எந்த வழியாக வருகிறது என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு தெருக்காட்சி வரும். போலீஸ்காரன் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிடுகிறான், கூப்பிடப்பட்டவன் திரும்புகிறான், திரும்பிய அந்தக் கணத்தில் அவன் கருத்தியலின் தன்னிலையாகிவிடுகிறான். இங்கே தொண்ணூறுகளில் இந்தக் காட்சியை நாம் எல்லாச் சிறுபத்திரிகைகளிலும் விவாதித்தோம். ஒன்றைக் கேட்காமல் விட்டோம் என்று தோன்றுகிறது. நம்மூர்த் தெருவில் 'ஏய், நில்லுலே' என்று லத்தியோடு கூப்பிட்டால் ஆள் திரும்புவானா? ஓடுவான். ஓடியதாலேயே குற்றவாளியாவான். 'தப்பு செய்யலைன்னா ஏன் ஓடுதான்?' என்ற வாக்கியம் நம் காவல் நிலையங்களின் ஆதார தர்க்கம். திரும்பி நின்று பதில் சொல்ல முடிவது, நின்றால் அடி விழாது என்ற உத்தரவாதம் உள்ளவனின் சலுகை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் கைதான தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க ஊர்வலம் வந்தது. அந்தத் தோட்டம் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடுத்தது, தடியடி நடத்தியது. ஒரு பக்கம் லத்தி, மறுபக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். பதினேழு பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைப் பற்றியதுதான். நீதிபதி மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. எத்தனை பேர் நீரில் மூழ்கிச் செத்தார்கள், எத்தனை பேர் காயத்தால் செத்தார்கள் என்று கணக்குப் பார்க்கப்பட்டது.

'நீரில் மூழ்கி இறந்தார்' என்ற வாக்கியத்தை இலக்கணரீதியாகக் கவனிக்க வேண்டும். அதில் எழுவாய் செத்தவர், செயல் மூழ்குதல், கொன்றது, கொன்றது என்று ஒன்று உண்டென்றால், நீர். விரட்டியவன் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறான். மூழ்குவதற்கு முந்திய செயல் ஓட்டம். அந்த ஓட்டத்தை அழித்துவிட்டால் சாவு வெறும் நீச்சல் தெரியாத பிரச்சினையாகிவிடும். குழந்தையோ பெரியவர்களோ, அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதுதான் கேள்வி. தோட்டம் 2024இல் மூடப்பட்டது, தொழிலாளர்கள் பலர் மலையிறங்கினார்கள். அந்த ஆற்றங்கரையும் பாலமும் அங்கேதான் இருக்கின்றன. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் அந்த வழியாகப் போகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் புதிய ஓட்டம் வந்து சேர்கிறது. நோய்க்கும் வயதுக்கும் மருந்தாக வளர்ந்தவர்கள் மெதுவாக ஓடலாம் என்ற யோசனைக்கு வயது அறுபது வருஷம் சொச்சம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் 1962இல் ஒரு ஜாக்கர் கிளப் தொடங்கினார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போய்ப் பார்த்தார். மாரடைப்பு கண்டு மீண்ட, எழுபது கடந்த ஒருவர் தன்னைப் பின்னால் விட்டுவிட்டு ஓடியதைக் கண்டு அசந்துபோனார் என்பார்கள். திரும்பி வந்து 1967இல் 'ஜாகிங்' என்ற புத்தகத்தை ஓர் இருதய வைத்தியரோடு சேர்ந்து எழுதினார். அவர்கள் சொன்ன விஷயம் எளிமையானது: கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு, பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே. இந்த ஆலோசனையின் நியாயம் உடம்பிலேயே இருக்கிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகப் பல மாதம் பிடிக்கும். மூச்சை நம்பி வேகத்தைக் கூட்டுகிற புது ஆள் முழங்காலுக்குக் கீழே வலி என்று ஒரே மாதத்தில் நிறுத்திவிடுகிறார். அவசரப்படாதே என்று ஓர் உடலுக்குச் சொன்ன ஓட்டம் இதற்குமுன் நம் பள்ளத்தாக்கில் இருந்ததில்லை. மணியடித்தவனுக்கு நடக்க அனுமதியில்லை. லத்திக்கு முன்னால் ஓடியவனிடம் பேச மூச்சில்லை. அதனால் இந்தப் புது ஓட்டத்தை மத்தியதர வர்க்கக் கேளிக்கை என்று இடதுசாரி நண்பர்கள் ஒதுக்குவதோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்கும் பதில் சொல்லாமல் ஓடுவது பெரிய விஷயம். அது யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் சண்டை போட வேண்டும்.

கிடைக்கிறவரின் காலைப் பாருங்கள். நல்ல ஷூ, டி-சர்ட், காதில் ஒயர். அஞ்சல்காரனின் மணி செய்த வேலையை இப்போது ஷூ செய்கிறது: 'இவரை விசாரிக்காதே' என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எல்லா உடலுக்கும் அந்த ஷூ போதாது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23 அன்று அகமது ஆர்பரி என்ற இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர் பகல் வெளிச்சத்தில் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் விரட்டினார்கள், ஒருவன் சுட்டுக்கொன்றான். திருடன் என்று சந்தேகப்பட்டார்களாம். 'ஏன் ஓடுதான்?' என்ற நம்மூர் வாக்கியத்தின் ஆங்கில வடிவம். பீடி சுற்றுகிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துக் காலை முதல் இராத்திரி வரை உட்கார்ந்தே இருக்கிற உடல் அது. ஆஸ்பத்திரியில் 'வாக்கிங் போங்கம்மா' என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எதைக் கட்டிக்கொண்டு என்று அவரால் கேட்கக்கூட முடியாது.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் அதிகாலையில் இரண்டு கூட்டம் ஓடுகிறது. ஒன்று சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஓடுகிறவர்கள். மற்றது போலீஸ் வேலைக்காக ஓடுகிற இளவட்டங்கள். வயதுவந்தபின் புதிதாக ஓடக் கற்றுக்கொள்கிறவர்கள் இங்கே உண்மையில் இவர்கள்தான். உடல்திறன் தேர்வில் ஆண் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும், பெண் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். இந்த வினாடிக் கணக்கு அற்பமானதல்ல. திருநங்கை பிரித்திகா யாஷினி 2015இல் 100 மீட்டரில் ஒரு நொடி சொச்சம் பிந்தியதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கூலி வீட்டுப் பிள்ளைகள், மலையிறங்கிய வீட்டுப் பிள்ளைகள், 1999இல் ஓடியவர்களின் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள். தேறினால் சிலர் மணிமுத்தாறு பட்டாலியனுக்குப் போவார்கள். மாஞ்சோலைக்கு ஏறும் சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. விரட்டுகிறவனும் விரட்டப்படுகிறவனும் ஒரே தெருவில் ஓடக் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதுவது சுலபம். ஆனால் சர்க்கார் உத்தியோகம் ஒன்றுதான் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வழி என்று இருக்கும்போது அந்தப் பிள்ளையிடம் போய் ஃபூக்கோ பேசுகிற யோக்கியதை நமக்கு உண்டா என்பது வேறு விஷயம்.

அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளைகளும் நிறைய. சுடிதார் மேல் அண்ணனின் டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு, அப்பா சைக்கிளோடு வேலியோரம் நிற்க, ஓடுகிறார்கள். ஓடுகாலி என்ற சொல் தெரிந்த தெருவிலிருந்து வந்தவர்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை, தேர்வு வாரியத்தின் அறிவிப்பு இருக்கிறது. முடிவு வந்தபின், தேறாத பெண்ணை அந்த மைதானத்தில் பெரும்பாலும் பார்க்க முடியாது. அவளுக்கு மூச்சு பழகியிருக்கும், காலும் பழகியிருக்கும். "அதான் செலக்‌ஷன் முடிஞ்சு போச்சே, இனி எதுக்கு ஓடணும்?" என்று வீட்டில் கேட்பார்கள்.