சீகன்பால்கு என்னும் பெயர்

சீர்காழி இரயில் நிலையத்தை ஆங்கிலேயர் ‘ஷியாழி’ என்று எழுதினர். 1892இல் இவ்வூரிற் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரிலுள்ள முதலெழுத்தும் அந்தச் ‘ஷியாழி’யே. சீரும் போயிற்று, ககரமும் போயிற்று. நம் ஊர்ப்பெயரை அந்நியர் இவ்வாறு சிதைத்தனர் என்று நாம் குறைகூறுவதுண்டு. ஆனால் இவ்வூருக்குத் தெற்கே, இன்று இதே மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9ஆம் நாள் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி ஒருவரின் குடும்பப் பெயரை நாம் என்ன செய்தோம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவருடைய நாட்டார் அப்பெயரைச் சொல்லும்பொழுது அது ஏறத்தாழ ‘ட்ஸீகென்பல்க்’ என்று ஒலிக்கும். ஜெர்மன் மொழியின் கடைசி எழுத்தாகிய இஸட் ‘ட்ஸ்’ என ஒலிப்பது. சொல்லின் ஈற்றில் வரும் ஜி வல்லொலியாகிவிடும். ‘பல்க்’ என்பதிலுள்ள அகரமோ குறில். ஆங்கிலம் பேசுவோர் எழுத்தைக் கண்டு தம் வழக்கப்படி படிக்கின்றனர். ஆகையால் முதலில் வண்டு முரலுவது போன்ற ஓசையும், இறுதியில் ‘அங்கு’ என்பதில் வருவது போன்ற மெலிந்த ககரமும் அவர்கள் வாயில் வருகின்றன. பழைய ஆங்கில நூல்கள் சில ஈற்றில் தேவையற்ற ஓர் எச் எழுத்தையும் ஒட்டின.

தமிழோ தன் இலக்கணப்படியே நடந்தது. டகர மெய் தமிழில் மொழிக்கு முதலாகாது. எனவே ‘சீ’ நின்றது. வல்லின மெய் ஈறாகாது; எனவே உகரம் சேர்ந்து ‘பால்கு’ என இடைத்தொடர்க் குற்றியலுகரமாயிற்று. குறில் ஏன் நெடிலாயிற்று என்பதற்கு மட்டும் இலக்கணத்தில் விடையில்லை. உகரத்தை நீக்கிச் ‘சீகன்பால்க்’ என்று எழுதுவோரும் உளர். அவ்வடிவம் ஈற்றொலியில் ஆங்கில உச்சரிப்பைவிட மூலத்துக்கு நெருங்கியது என்பதை, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் வடிவத்தைத் திருத்த விரும்பும் நம் மாணவர் அறிவது நலம்.

இவ்வாறு ஒலி ஒருவாறு கடல் கடந்து வந்தது, பொருள் வரவில்லை. ‘ட்ஸீகென்’ என்றால் ஆடுகள், அதாவது வெள்ளாடுகள். ‘பல்க்’ என்றால் உரித்த தோல். அத்தோலாற் செய்த பைக்கும் கொல்லன் உலைத்துருத்திக்கும் அச்சொல்லின் உறவு உண்டு. நம் வேதாகமத்தில் திராட்சரசம் வார்க்கும் தோற்பைக்குத் துருத்தி என்னும் சொல்லே வருவதை வாசகர் நினைவுகூரலாம். (குத்தாலத்தின் பழம்பெயராகிய திருத்துருத்தி வேறு, அது ஆற்றிடைக்குறை.) ஆக, அது ஆட்டுத்தோல் என்னும் பெயர். தோல் பதனிட்ட அல்லது தோல் விற்ற முன்னோர் ஒருவரால் அது ஏற்பட்டிருக்கலாம். பர்த்தொலொமேயுவின் தந்தையோ சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் நகரில் தானிய வணிகர். தொழில் மாறியும் பெயர் நின்றது. அதனால் அவருக்கு இழுக்கு நேரவுமில்லை. தஞ்சையிற் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயரின் பெயருக்கும் ‘கருப்பு’ என்பதே பொருள். அவரை ஜெர்மனியில் எவரும் அதுபற்றி இகழ்ந்திரார்.

காவிரி நாட்டில் நிலைமை வேறு. இங்கே தோல் என்னும் சொல் ஒரு தொழிலை மட்டும் குறித்துநின்றதன்று. எங்கே குடியிருக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்பதையும் அது முடிவுசெய்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஆட்டுத்தோல் என்னும் பெயருடைய ஒருவரை, அவ்வளவில் நில்லாமல் ‘ஐயர்’ என்னும் மரியாதைச் சொல்லையும் சேர்த்து, சீகன்பால்கு ஐயர் என்று நம் முன்னோர் அழைத்தனர். அக்கிரகாரத்துக்குரிய பட்டமும் அச்சொல்லே. பொருள் தெரிந்திருந்தால் அவ்வாறு அழைத்திருப்பார்களா? வெள்ளையர் என்பதால் அழைத்தேயிருப்பார்கள் என்று நாம் கருதுகிறோம். அதுவே நம்மை உறுத்துகிறது.

ஏனெனில் அவர் 1718இல் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்தின் சபையில், அப்பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, வேளாளருக்கும் பறையருக்கும் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1733இல் வேளாளராகிய ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தஞ்சை அரசரின் படையில் வீரராயிருந்து, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து, பின்பு உபதேசியாராகிப் பல்லாண்டு உழைத்த இராஜநாயக்கன் பறையர். அவருக்கும் பட்டம் அளிக்கலாமா என்ற பேச்சு மிஷனெரிகளிடையே எழுந்தது. அவர் கையால் வேளாளர் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்னும் அச்சம் அதைத் தடுத்துவிட்டது. அவருடைய பெயரில் தோலும் இல்லை, கருப்பும் இல்லை. அரசனும் நாயகனுமே இருந்தனர். அவர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.