மீனுக்கு ஏது வரலாறு?

மகள் வீட்டிற்கு இங்கிலாந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. "சார், எழுதுவதை விட்டுவிட்டீர்களா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு மாப்பிள்ளை என்னை ரட்லண்ட் வாட்டர் என்ற ஏரிக்கு அழைத்துப் போனார். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். 1970களில் அணை கட்டியபோது நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் மூழ்கியது. நார்மன்டன் தேவாலயம் மட்டும் பாதி உயரத்துக்குக் கல் நிரப்பிக் காப்பாற்றப்பட்டுக் கரையோரம் நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு மேட்டூர் ஞாபகம்தான் வந்தது. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுமே, அது.

அந்த ஏரியில் டிரவுட் மீன் பிடிக்க மாப்பிள்ளை படகு எடுத்தார். இங்கே புழு கோர்ப்பதில்லை. இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. அது எடையே இல்லாத பொருள் என்பதால் வீச்சுக்கு வேண்டிய கனம் தூண்டில் கயிற்றிலேயே இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் பெட்டியில் ஐந்து கயிறுகள் இருந்தன. "எதுக்குப்பா இத்தனை?" என்றேன். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல மூழ்கும் மாமா" என்றார். எனக்குள் இருந்த வரலாற்று வாத்தியார் விழித்துக்கொண்டார்.

ஐசக் வால்டன் தூண்டில் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட 1653இல் கயிறு என்றால் குதிரைவால் மயிரை முறுக்கியதுதான். பின்னர் எண்ணெய் ஊட்டிய பட்டுக்கயிறு வந்தது. பட்டு தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. கொழுப்பு தடவினால் மிதக்கும், தடவாவிட்டால் மெல்ல மூழ்கும். ஒரே கயிறு, இரண்டு வேலை! ஆனால் தினமும் பிரித்து உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும்.

ஓடும் ஆற்றில் இது போதுமானதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் நகரங்களின் குடிநீருக்காகப் பெரிய ஏரிகள் கட்டப்பட்டபோதுதான் சிக்கல் வந்தது. பிளாக்டன் ஏரியில் 1904இல் மீன்பிடிப்பு தொடங்கியது. பின்னர் 1950களில் சியூ வேலி, 1960களில் கிராஃபம், அடுத்து ரட்லண்ட். ஆற்றில் நீரோட்டம் இரையைக் கொண்டு போய்க் கொடுக்கும், மீன் தன் இடத்தில் காத்திருக்கும். ஏரியில் மீன்தான் சுற்றித் திரிகிறது. அது எந்த ஆழத்தில் திரிகிறது என்பதே கேள்வி. 1952இல் டி. சி. ஐவன்ஸ் இந்தத் தேங்கிய நீர் மீன்பிடிப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

விடையின் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1945இல் மிச்சிகனில் தொடங்கிய சயின்டிஃபிக் ஆங்லர்ஸ் நிறுவனம் பின்னலிழை மேல் பி.வி.சி. பூசிய கயிறுகளைக் கொண்டுவந்தது. பூச்சில் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள் கலந்தால் கயிறு மிதக்கும். உலோகத் தூள் கலந்தால் மூழ்கும். எவ்வளவு தூள் கலக்கிறோமோ அவ்வளவு வேகம். முதல் 30 அடியின் எடையை வைத்துக் கயிறுகளுக்கு எண் கொடுக்கும் முறையும் 1960களின் தொடக்கத்தில் வந்தது. 6ஆம் எண் கயிறு என்றால் 160 கிரெயின், அதாவது சுமார் 10 கிராம். மூழ்கும் வேகத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நொடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும் கயிறு மேல் நீருக்கு. நொடிக்கு 3 அங்குலம் இறங்குவது நடு ஆழத்துக்கு. 6, 7 அங்குலம் இறங்குவது ஆழமான இடத்துக்கு. வீசியதும் மனதுக்குள் எண்ண வேண்டும். 3 அங்குலக் கயிற்றுக்கு இருபது எண்ணினால் 60 அங்குலம், அதாவது 5 அடி. எந்த எண்ணிக்கையில் மீன் இழுக்கிறதோ, அடுத்த வீச்சிலும் அதே எண்ணிக்கை. வேகமான கயிறுதான் நல்லது என்று நினைக்கக் கூடாது. மீனைத் தாண்டிக் கீழே போய்விட்டால் அத்தனையும் வீண்.

காலையில் மிதமான கயிற்றிலேயே மாப்பிள்ளைக்கு இரண்டு மீன் கிடைத்தது. பத்து மணிக்கு மேல் ஒன்றுமில்லை. வேகமாக மூழ்கும் கயிற்றை மாற்றினார். "வெயில் ஏறினா நுண்ணுயிரெல்லாம் கீழ இறங்கிடும் மாமா. அதைத் தின்ன மீனும் கூடவே போயிடும்" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

1987ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு. அணைக்கரையிலிருந்து ஒரு பையன் வருவான். தினமும் முதல் பாடவேளைக்குத் தாமதம், சட்டையில் மீன் வாடை. ஒருநாள் காரணம் கேட்டேன். "வெயில் ஏறினா மீனு கீழ போயிடும் சார். விடியக்காலையிலயே அப்பாகூடப் போனாத்தான் கிடைக்கும்" என்றான். நான் பிரம்பை எடுத்தேன். "மீனுக்கு ஏதுடா வரலாறு? அசோகரைப் படி" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டோடு அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். வறுமையும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நான்தான் பொறுப்பு.

ஐந்து கயிறு வாங்கி, புத்தகம் படித்து இவர்கள் கற்றுக்கொள்வதை அவன் பதினான்கு வயதில் தெரிந்து வைத்திருந்தான். அதைக் கரும்பலகை முன் நிறுத்திப் பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும்.

அவன் தங்கை இந்தப் பக்கத்தைப் படிப்பாள் என்று தெரியும். அம்மா, உன் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு. வாத்தியார் மன்னிப்புக் கேட்டார் என்று சொல். ஊர் திரும்பியதும் அவன் சம்மதித்தால் வீட்டிற்கு வந்து நேரிலும் கேட்கிறேன்.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே வேண்டுகோள். தாமதமாக வரும் பிள்ளையிடம் காரணம் கேட்டால், பதிலை முழுதாகக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்