பல்கலைக்கழக வாயிலும் பொலிஸ் காவலரணும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்கிசையில் நின்று காலி வீதியின் இரு திசைகளையும் நோக்குபவர், இலங்கையின் உயர்கல்வி வரலாற்றை ஒரு குறுக்குவெட்டாகக் காணலாம். வடக்கே வெள்ளவத்தையையும் பம்பலப்பிட்டியையும் கடந்து உட்புறமாகச் சென்றால் கொழும்புப் பல்கலைக்கழகம். தெற்கே இரத்மலானையில் சேர் ஜோன் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகம். அதனையும் தாண்டினால் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். கொழும்பிலும் கட்டுபெத்தையிலும் சீருடை அணிந்த ஒருவர் வாயிலைக் கடந்து உள்ளே வந்தால் அது மாணவரின் கண்டனத்துக்குரிய செய்தியாகின்றது. இரத்மலானையிலோ சீருடையிலேயே கல்வி தொடங்குகின்றது. ஒரே வீதியில் சில மைல் தூரத்துக்குள் காணப்படும் இம்முரண்பாடு எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகத்துள் பொலிசார் புகலாகாது என்ற கருத்து நம்மிடையே சட்டம் போலவே பேசப்படுகின்றது. உண்மையில் அது சட்டமன்று, வழக்கு. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமோ, 1942ஆம் ஆண்டின் இலங்கைப் பல்கலைக்கழகக் கட்டளைச் சட்டமோ, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமோ வளாகத்தைப் பொலிசாருக்கு விலக்கப்பட்ட மண்ணாகப் பிரகடனஞ் செய்யவில்லை. துணைவேந்தரின் அழைப்பின்றிப் பொலிசார் உள்ளே வருதல் முறையன்று என்ற எண்ணம் மேலைநாட்டுப் பல்கலைக்கழக மரபோடு இங்கு வந்து சேர்ந்ததாகும். அம்மரபுக்கும் ஓர் இரத்தக் கறை படிந்த தொடக்கம் உண்டு. 1229இல் பாரிஸ் நகரில் மதுக்கடைத் தகராறு ஒன்றினை அடக்கப் புறப்பட்ட அரச காவலர் மாணவர் சிலரைக் கொன்றனர். ஆசிரியரும் மாணவரும் நகரை விட்டே வெளியேறினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1231இல், பாப்பரசர் ஒன்பதாம் கிறகரி பல்கலைக்கழகத்தின் உரிமைகளை உறுதி செய்து ஆணை பிறப்பித்த பின்பே நிலைமை சீரடைந்தது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகமோ 1825ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் துணையுடன் தனக்கெனவே கொன்ஸ்தாபிள்களை வைத்திருந்து, 2003இலேதான் அவர்களைக் கலைத்தது. காவல் வேண்டாமென்பதன்று அம்மரபின் சாரம். காவல் செய்பவன் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்பவனாக இருத்தல் வேண்டும் என்பதே.

சேர் ஐவர் ஜெனிங்ஸ் 1942இல் 904 மாணவருடன் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் இம்மரபின் வழிவந்ததே. 1952 முதல் அது படிப்படியாகப் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. விடுதி மண்டபங்கள், அவற்றின் பொறுப்பாளர், உதவிப் பொறுப்பாளர் எனக் கட்டொழுங்கு முழுவதும் கற்றோர் கையிலேயே விடப்பட்டது. அருணாசலம் மண்டபத்திலோ இராமநாதன் மண்டபத்திலோ எழும் சச்சரவு பொலிஸ் நிலையம் வரை செல்வதை அன்றையோர் பல்கலைக்கழகத்துக்கே இழுக்காகக் கருதியிருப்பர். எனினும் பேராதனையின் நில அமைப்பிலேயே ஒரு முரண்பாடு இருந்தது. அங்கு மதில் இல்லை. கலகா வீதி என்னும் பொதுப் பாதை வளாகத்தின் ஊடாகவே ஓடுகின்றது. அவ்வீதியில் நிற்கும் கொன்ஸ்தாபிள் பொதுப் பாதையில் நிற்கின்றாரா, பல்கலைக்கழகத்துள் நிற்கின்றாரா? சட்ட அறிஞர் இதற்கு எவ்விடையும் கூறலாம். மாணவரைப் பொறுத்தவரையில் விடை ஒன்றே.

அறுபதுகளில் நிலைமை மாறிற்று. வித்தியோதயமும் வித்தியாலங்காரமும் 1959இல் பல்கலைக்கழகங்களாயின. தாய்மொழி மூலம் கற்றவர் 1960 முதல் புகத் தொடங்கினர். சில ஆண்டுகளுள் மாணவர் தொகை 10,000ஐத் தாண்டிற்று. கிராமத்து விவசாயி, சிறு கடைக்காரர், கீழ்நிலை அரச ஊழியர் ஆகியோரின் பிள்ளைகள் வந்தனர். பட்டம் கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. ஜெனிங்ஸ் வகுத்த கட்டொழுங்கு, கனவான்களின் பிள்ளைகளை எண்ணி வகுக்கப்பட்டது. அது இப்புதிய தலைமுறையின் கோபத்தைத் தாங்கும் வலுவுடையதாயிருக்கவில்லை. 1971 ஏப்பிரல் கிளர்ச்சியின் பின்னர் வித்தியோதய, வித்தியாலங்கார வளாகங்கள் கைதானவர்களை அடைத்து வைக்கும் முகாம்களாயின. விரிவுரை மண்டபம் சிறைக்கூடமான அக்கணமே பழைய வழக்கு முறிந்தது எனலாம்.

இவ்விடத்தே கொன்ஸ்தாபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் வேண்டும். நமது முற்போக்கு எழுத்துகளில் அவர் பெரும்பாலும் ஒரு தொப்பியும் ஒரு தடியுமாகவே வந்து போகின்றார். மாணவரும் அவரும் பலவேளைகளில் ஒரே வகைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஒரே வகைப் பாடசாலையிற் பயின்றவர்கள். பரீட்சையில் ஒருவர் பெற்ற சில புள்ளிகளே அவர்களைப் பிரித்தன. தம் பிள்ளை என்றாவது புகவேண்டும் என அவர் கனவு காணும் அதே வாயிலில், தடியுடன் நிற்குமாறு அவர் பணிக்கப்படுகின்றார். இதனைக் கூறுவது அவர் செய்தவற்றை மன்னிப்பதற்காக அன்று. வளாகத்தில் அவர் ஆற்றும் பணி அவரது வர்க்க நலனிலிருந்து பிறந்ததன்று, அரச இயந்திரத்தின் கட்டளையிலிருந்து பிறந்தது என்பதைத் தெளிவுறுத்துவதற்காகவே.

1976 நவம்பர் 12ஆம் நாள் பேராதனை வளாகத்தில் பொலிசார் நடத்திய துப்பாக்கிப் பிரயோகத்தில் வீரசூரிய என்னும் மாணவர் உயிரிழந்தார். அதனைக் கண்டித்து நாட்டின் பல பாகங்களிலும் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். இடதுசாரிகளின் துணையுடன் ஆட்சிக்கு வந்ததோர் அரசாங்கத்தின் காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை முற்போக்காளர் எளிதில் மறந்துவிடலாகாது. தமிழகத்தில் 1965 சனவரி 27இல் இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் பொலிசாரால் சுடப்பட்டு இறந்தமை இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது. விபுலாநந்த அடிகளார் 1931இல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அப்பல்கலைக்கழகம் நமக்கு அந்நியமானதன்று. ஆயின் இரு நிகழ்வுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிதம்பரத்தில் இறந்த மாணவரும் அவரை நினைவுகூர்ந்த மக்களும் ஒரே மொழியினர். இலங்கையில் மாணவர் என்ற சொல்லே எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது.

அப்பிளவின் கொடிய வெளிப்பாடு 1983 மே மாதத்தில் பேராதனையிற் காணப்பட்டது. தமிழ் மாணவர், தம்முடன் ஒரே மண்டபத்தில் உண்டு உறங்கிய சக மாணவர் சிலராலேயே தாக்கப்பட்டு விரட்டப்பட்டனர். காவல் எவருக்கேனும் தேவைப்பட்டதென்றால் அன்று அவர்களுக்கே தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. யூலையில் நாடே எரிந்தது. தெற்கிற் பயின்ற தமிழ் மாணவர் திரும்பிச் செல்ல அஞ்சினர். தம்மை வடக்குக்கு மாற்றுமாறு கோரினர். அக்கோரிக்கையை முன்வைத்து 1984 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உண்ணாவிரதமும் நடைபெற்றது.

அரசாங்கம் பேராதனை வளாகத்துள் பொலிஸ் காவலரண் ஒன்றினை நிறுவ முனைந்தது அதன் பின்னர்தான். 1984 யூனில் அதனை எதிர்த்து மாணவர் திரண்டனர். பத்மசிறி அபேசேகர என்னும் மாணவரும், அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியில் ரோகண ரத்நாயக்க என்னும் மாணவரும் பொலிசாரின் வெடிக்கு இரையாயினர். இருவரும் இன்றும் மாணவர் இயக்கத்தின் தியாகிகளாக நினைவுகூரப்படுகின்றனர், அது பொருத்தமே. ஆயினும் தமிழ் வாசகர் இக்காலவரிசையைச் சற்று நின்று நோக்குதல் நன்று. அடிபட்டவர் காவல் வேண்டி நின்றபோது வராத பொலிஸ், அவர்கள் போய்விட்ட பின்னர் காவலரணுடன் வந்தது. 1983இல் மௌனமாயிருந்தோர் பலர் 1984இல் வளாகத்தின் சுதந்திரம் பற்றி முழங்கினர். அவர்களின் முழக்கம் பிழையன்று. அதன் காலந்தாழ்த்திய வருகையே நெஞ்சை உறுத்துகின்றது.

வளாகத்துள் பொலிஸ் காவலரண் என்பதே தீங்கானது என்று பொதுவாகக் கூறிவிடவும் இயலாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கும் நகரத்தாருக்கும் இடையே பகை முற்றியிருந்த வேளையில், 1894இல், நியூஹேவன் நகரப் பொலிசார் இருவர் அங்கு பணிக்கு விடப்பட்டனர். தொடக்கத்தில் ஏளனத்துக்கு ஆளாகிய அவர்கள், மாணவரை அடக்குவது தம் வேலையன்று, அவர்களையும் அவர்களது உடைமைகளையும் காப்பதே வேலை என உணர்த்தி, நாளடைவில் நன்மதிப்புப் பெற்றனர். அதே அமெரிக்காவில்தான் 1970 மே மாதத்தில் கென்ற் அரச பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினரின் வெடிக்கு நால்வரும், சில நாட்களில் ஜாக்சன் அரச கல்லூரியில் பொலிசாரின் வெடிக்கு இருவரும் மாண்டனர். கிரேக்க நாடு, 1973இல் ஏதென்ஸ் பொலிதொழில்நுட்பக் கழகத்தின் வாயிலைத் தாங்கி ஒன்று உடைத்துப் புகுந்த நினைவினால், 1982இல் வளாகங்களைப் பொலிஸ் புகாத புகலிடங்களாக்கிச் சட்டம் இயற்றியது. 2019இல் அதனை நீக்கி, 2021இல் வளாகப் பொலிஸ் படைக்கே வழிசெய்தது. பேராதனையின் காவலரண் யேலைப் போன்றதன்று. அதன் கட்டளை பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை, கொழும்பிலிருந்து வந்தது. தமிழில் முறைப்பாடு செய்யும் மாணவரின் வாக்குமூலத்தைச் சிங்களத்திற் பதிந்து, அவருக்குப் புரியாத எழுத்தின் கீழ் அவரிடமே கையொப்பம் வாங்கும் வழக்கம் நிலவிய நாட்டில், அது யாருடைய காவலரண் என்ற வினாவுக்கு விடை வேண்டியதில்லை.

1987–89 காலத்துப் பயங்கரம் எந்தக் காவலரணாலும் அடங்கக்கூடியதாயிருக்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்ரான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சில் தம் பணியிடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மொறட்டுவைத் துணைவேந்தர் பட்டுவத்தவிதானவும் அவ்வாண்டிலேயே கொலையுண்டார். அவ்வருட இறுதியில் பேராதனைக் குளக்கரையில் வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. துணைவேந்தர்களைக் கொன்றோர் ஒரு பக்கத்தார். தலைகளை வைத்தோர் மறுபக்கத்தார் என்பதே பொதுவாக அறியப்பட்டது. இரு சாராரும் வளாகத்தைத் தமது களமாக்கினர். வடக்கிலும் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியப் படையினர் உலங்குவானூர்தியில் வந்திறங்கிப் பேரிழப்புக்குள்ளாகினர்.

பொலிஸ் இல்லாத வளாகம் தானாகவே சுதந்திர வளாகமாகிவிடும் என்ற நம்பிக்கையைக் குலைத்தது பகிடிவதை. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையினால் உயிரிழந்தார். மறு ஆண்டில் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு ஈராண்டு வரையும், கடுங்காயம் விளைத்தல், பாலியல் தொல்லை ஆகியவற்றுக்குப் பத்தாண்டு வரையும் கடூழியச் சிறை விதிக்க அது இடமளித்தது. இவ்வாறு பொலிசார் வளாகத்துள் வருவதற்கு ஓர் ஒழுக்க நியாயமும் பிறந்தது. மூத்த மாணவரின் கொடுமைக்குள்ளான புதுமுக மாணவர், பொலிஸ் நிலையத்துக்குச் செல்பவர் துரோகி என்ற ஏச்சுக்கும் இன்று முகங்கொடுக்கின்றார். மாணவர் இயக்கங்கள் தமது தியாகிகளின் நாளை அனுட்டிக்கும்போது இதனையும் எண்ணிப் பார்க்கின்றனவா என்பது ஐயமே.

போர் முடிந்தபின் காவல் வேறு வடிவம் எடுத்தது. 2011இல் புதுமுக மாணவருக்குப் படை முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி வழங்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சின் கீழியங்கிய ரக்ன லங்கா என்னும் கம்பனியிடம் வளாகக் காவல் ஒப்படைக்கப்படலாயிற்று. யாழ்ப்பாணத்தில் 2012 நவம்பர் 27இல் படையினர் விடுதிக்குள் புகுந்தனர்; மறுநாள் மாணவரின் கண்டன ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். 2016 அக்டோபர் 20 இரவு குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளிற் சென்ற இரு பல்கலைக்கழக மாணவர் மாண்டனர். முதலில் வீதி விபத்து எனப்பட்டது. பின்னர் துப்பாக்கிச் சூடு வெளிப்பட்டு ஐந்து பொலிசார் கைதாகினர். அச்செய்தி கேட்டுத் தெற்கின் மாணவர் அமைப்புகளும் குரல் கொடுத்தன. 1983ஐ நினைவில் வைத்திருப்போருக்கு அது சிறிய செய்தியன்று. 2019 மே 3இல் யாழ்ப்பாண வளாகத்தில் நடந்த தேடுதலில் மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதாகினர். கண்டெடுக்கப்பட்ட படங்களே குற்றச்சாட்டின் அடிப்படை.

மீண்டும் காலி வீதிக்கு வருவோம். மொறட்டுவையிலும் கொழும்பிலும் பயின்ற வடக்கு, கிழக்கு மாணவர் பலர் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கல்கிசையிலும் அறை எடுத்துத் தங்கினர். பொலிசாரை அவர்கள் சந்தித்தது பல்கலைக்கழக வாயிலிலன்று, அறை வாயிலில். வீட்டிலுள்ளோரின் பெயர்களை நிலையத்திற் பதிதல் வேண்டும். நள்ளிரவில் கதவு தட்டப்படும். வந்த நோக்கம் என்ன என்று வினவப்படும். 2007 யூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலாய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பொலிசாரால் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. 2008 செப்டெம்பரில் வடக்கிலிருந்து ஐந்து ஆண்டுகளுள் வந்தோர் அனைவரும் தம்மைப் பதியுமாறு பணிக்கப்பட்டனர்.

அந்நாட்களில் கல்கிசையில் பஸ் ஏறிக் கட்டுபெத்தைக்குச் சென்ற தமிழ் மாணவரின் சட்டைப்பையில் மூன்று தாள்கள் இருந்தன: தேசிய அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, மாணவர் அட்டை. வழியிலிருந்த சோதனைச் சாவடிகளில் முதல் இரண்டையும் எடுத்துக் காட்டினார். பல்கலைக்கழக வாயிலில் நின்ற காவலாளி மூன்றாவதை மட்டுமே கேட்டார்.