மோப்ப நாயின் கணக்கேடு

"மோப்ப நாய் சகிதம் பொலிஸார் தீவிர விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்."

கிழக்கிலங்கையில் பிரதேச நிருபராகப் பணியாற்றிய எவரும் இந்த வாக்கியத்தை எழுதாமல் தப்பியிருக்க முடியாது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரம் நெடுகிலும் நடந்த களவுகளையும் கொலைகளையும் செய்தியாக்கிய காலத்தில், நானும் இதனை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த நாய் எதைக் கண்டுபிடித்தது என்று அடுத்த நாள் விசாரித்து எழுதியதாக மட்டும் எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளில் நடந்த ஒரு சம்பவம் இன்றும் என்னை உறுத்துகின்றது. எமது கரையோர ஊர் ஒன்றில் நகைக்கடை ஒன்று உடைக்கப்பட்டது. மோப்ப நாய் வந்தது. கடையின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு, இரண்டு ஒழுங்கைகளைக் கடந்து, ஒரு வீட்டுப் படலையருகே போய் நின்றது. ஊர் முழுவதும் பின்னால் திரண்டிருந்தது. "நாய் பொய் சொல்லுமா?" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு ஹாஜியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வீட்டை மோப்ப நாய் அடையாளம் காட்டியது என்று எழுதியனுப்பினேன். பெயர் போடவில்லை, ஆனால் ஊருக்குப் பெயர் தேவைப்படவில்லை. சில வாரங்களின் பின்னர் நகைகள் வேறோர் ஊரில் வேறு ஆட்களிடம் பிடிபட்டன. அந்த வீட்டு இளைஞன் நாளாந்தம் கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையால் வேலைக்குப் போய் வருபவன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுடைய வாப்பா சந்தையில் என்னைக் கண்டபோது கோபப்படவில்லை. "மகன், நாய்க்கிட்டயா நீங்க கேட்டு எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வாசிப்பின் விளைவே இக்கட்டுரை. மோப்ப நாய்ப் பிரிவுகளின் பயனையும் செலவையும் உலகம் எப்படி அளந்திருக்கின்றது? எங்கே அளந்தது, எங்கே அளக்காமல் விட்டது?

நாயின் மூக்கைக் குற்றவியலுக்குப் பயன்படுத்தும் முயற்சி ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கோடு மோதிக்கொண்டது. 1888ஆம் ஆண்டு இலண்டனில் "ஜாக் த ரிப்பர்" கொலைகளால் மக்கள் பீதியடைந்திருந்த வேளையில், பொலிஸ் ஆணையாளர் சேர் சார்ள்ஸ் வொரன், பார்னபி, பேர்கோ என்ற இரண்டு வேட்டை நாய்களைப் பூங்காவில் ஓடவிட்டுப் பரீட்சித்தார். ஆனால் நாய்களின் விலை பற்றியும் காப்புறுதி பற்றியும் எழுந்த இழுபறியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1899இல், பெல்ஜியத்தின் கென்ற் நகரில் இரவு ரோந்துக்காக நாய்கள் முறைப்படி சேவையில் சேர்க்கப்பட்டன. அங்கிருந்துதான் ஐரோப்பிய நாடுகளுக்கு அந்த முறை பரவியது.

இலங்கைப் பொலிஸில் நாய்ப் பிரிவு 1948இல், அதாவது சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபர் சேர் றிச்சர்ட் அலுவிஹாரையின் காலம் அது. கண்டி அஸ்கிரியவில் அதன் தலைமையகம் இருக்கின்றது. அங்கு பயிற்றப்பட்ட நாய்கள் நாட்டின் பல பாகங்களுக்கும் அனுப்பப்படுகின்றன. தடம் பிடிப்பதற்கு ஒன்று, போதைப்பொருளுக்கு ஒன்று, வெடிபொருளுக்கு ஒன்று என நாய்களுக்குள்ளும் துறைப் பிரிவுகள் உண்டு.

ஆனால், நாயின் மூக்கை ஈவிரக்கமின்றிப் பரீட்சித்தவர்கள் பொலிஸார் அல்லர், கண்ணிவெடி அகற்றுவோரே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் கண்ணிவெடி நாய்களைப் பயிற்றி வட ஆபிரிக்காவுக்கு அனுப்பியது. அங்கு நடந்த பரீட்சையில் அவை புதைக்கப்பட்டிருந்த கண்ணிகளில் பாதியளவையே கண்டுபிடித்தன. நாய்கள் வெடிபொருளை மோப்பம் பிடிக்கவில்லை, கிளறப்பட்ட மண்ணையும் மனித வாடையையுமே பிடித்தன என்பது பின்னர் புரிந்தது. அணி கலைக்கப்பட்டது. தோல்விதான், ஆனால் அது அளந்து அறியப்பட்ட தோல்வி. அதனால் பாடம் கிடைத்தது. 1989இலிருந்து ஆப்கானிஸ்தானில் பெரிய அளவில் பயன்படுத்தப்பட்ட நாய்கள் வெடிமருந்தின் வாடைக்கே பழக்கப்பட்டவை.

இலங்கைக்கு அந்த அனுபவம் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு வந்தது. அமெரிக்க உதவியுடன் மொசாம்பிக் நாட்டுக் கண்ணிவெடி அகற்றும் அணியொன்று நாய்களுடன் இங்கு வந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் இலங்கை இராணுவத்துக்கும் நாய்கள் வழங்கப்பட்டன. உலோகம் மிகக் குறைவான கண்ணிகளில் உலோகக் கருவி தடுமாறும். நாய் தடுமாறாது என்பது அதன் பலம். பலவீனமும் உண்டு. எமது வெயிலில் நாய் மூச்சிரைக்கத் தொடங்கினால் மோப்பம் குறைந்துவிடும். ஆகவே காலை வேளைகளிலேயே வேலை நடக்க வேண்டும். வன்னியில் இருந்ததுபோல் வரிசை வரிசையாக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் வாடைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் நாய்க்குக் குழப்பம் ஏற்படும். அத்தகைய இடங்களில் மண்வாரியால் மெல்ல மெல்ல மண்ணை வாரியெடுக்கும் முறையே சிறந்ததென இங்கு கண்டறியப்பட்டது. அந்த முறையால் இலங்கை உலக அளவில் பெயர் பெற்றது. கண்ணி உண்டா இல்லையா என்று சந்தேகிக்கப்படும் பரந்த நிலத்தை விரைவில் கழித்துக்கட்டுவதற்கே நாய் இலாபமானது.

இவ்வளவு துல்லியமாக எங்கே நாய், எங்கே மண்வாரி என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தத் துறையில் கணக்கேடு உண்டு. நாயும் அதன் கையாளுநரும் ஒரு சோடியாகப் பரீட்சிக்கப்படுகின்றனர். முன்கூட்டியே புதைத்து வைக்கப்பட்ட கண்ணிகளைக் கண்டுபிடித்தால்தான் அனுமதி. அந்த அனுமதியும் காலவரையறைக்கு உட்பட்டது. ஒரு நாய் தேடிய நிலத்தை இன்னொரு நாயும் தேடும். ஏனென்றால், நாய் தவறவிட்டால் கையாளுநரின் காலே போகும். தவறின் விலை தவறு செய்தவரின் மீதே விழுமிடத்தில் கணக்குச் சுத்தமாக இருக்கும்.

பொலிஸ் நாயின் தவறு இன்னொருவர் தலையில் விழுகின்றது. ஆகவேதான் உலகெங்கும் அந்தக் கணக்கேடு பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றது. அதனைத் திறந்து பார்த்த சில இடங்களில் வெளிவந்தவை வியப்பூட்டுவன.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஒம்புட்ஸ்மன் 2006இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இரண்டு ஆண்டுகளில் போதைப்பொருள் மோப்ப நாய்கள் 10,211 பேரைச் சுட்டிக்காட்டின. அவர்களில் 26 சதவீதமானோரிடமே பொருள் இருந்தது. விநியோகக் குற்றத்துக்காக வெற்றிகரமாக வழக்குத் தொடரப்பட்டோர் 19 பேர். அமெரிக்காவில், விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் நாய் அணியொன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 164,000 டொலர் செலவாகின்றது என்று அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2013இல் கூறியது. அந்த அணிகளின் செயற்றிறனை உறுதிப்படுத்துவதற்கு முன்னரே அவை பணியில் இறக்கப்பட்டன என்றும் அதே அறிக்கை குற்றஞ்சாட்டியது.

கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் சுவையானது. 18 நாய்-கையாளுநர் சோடிகள் ஒரு தேவாலயக் கட்டடத்தைச் சோதித்தன. அங்கு போதைப்பொருளும் இல்லை, வெடிபொருளும் இல்லை. ஆனால் சில இடங்களில் சிவப்புக் கடதாசி ஒட்டப்பட்டிருக்கும், அங்கே பொருள் இருக்கும் என்று கையாளுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. எதுவுமே இல்லாத அந்த இடத்தில் 225 தடவை "நாய் காட்டியது" என்று பதிவானது. கடதாசி இருந்த இடங்களில் அது கூடுதலாகவும் இருந்தது. நாய் பொய் சொல்வதில்லை. அது தன் எசமானின் மனதையும் சேர்த்து மோப்பம் பிடிக்கின்றது. எசமானுக்கு ஒரு தெருவின் மேல், ஒரு சமூகத்தின் மேல் முன்கூட்டியே சந்தேகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கல்முனை பஸ் நிலையத்தில் 10,000 பைகளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றில் மட்டுமே வெடிபொருள். எமது நாய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகச் சொல்லும் கெட்டிக்கார நாய். நூற்றுக்கு ஐந்து தடவைதான் தவறும். அந்த ஐந்து சதவீதத் தவறால் ஏறத்தாழ 500 அப்பாவிப் பயணிகளின் பைகள் குற்றவாளிப் பைகளாகின்றன. நாயின் தீனி, மருந்து, கூடு, பயிற்சி, கையாளுநரின் சம்பளம் எல்லாம் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறும். அந்த 500 பேரின் அவமானம் எந்த நிரலில் எழுதப்படுகின்றது?

இந்திய உயர்நீதிமன்றம் 1969இல், அப்துல் றசாக் முர்தசா தபேதார் வழக்கில் இதனை நன்கு ஆராய்ந்தது. நாயைச் சத்தியம் செய்வித்துக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தில் தங்கியிருக்கக் கூடாது என்ற ஆட்சேபங்களை அது எடுத்துக்காட்டியது. நாயின் தடம் விசாரணைக்கு வழிகாட்டலாம், தீர்ப்புக்குச் சான்றாகாது என்பதே அங்குள்ள நிலைப்பாடு. அந்த வாப்பா சந்தையில் நின்று என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

எமது ஊர்களில் நாய் என்றதும் வேறொரு பேச்சும் எழும். ஷாபி மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள், நாயின் எச்சில் பட்டால் ஒரு தடவை மண்ணோடு சேர்த்து ஏழு தடவை கழுவுபவர்கள். ஆகவே முஸ்லிம்களுக்கு நாயே ஆகாது என்று பலரும் நினைக்கின்றனர். அது அரைகுறை அறிவு. குகைத் தோழர்களின் நாயைக் குர்ஆன் நினைவுகூர்கின்றது. பயிற்றப்பட்ட நாய் பிடித்த வேட்டையை உண்ண அனுமதிக்கின்றது. பயிற்றப்பட்ட நாய் எது என்பதற்கு எமது சட்ட அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பரீட்சை வகுத்திருக்கின்றனர். ஏவினால் போக வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தான் தின்னக் கூடாது. அதுவும் ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப அப்படி நடந்து காட்ட வேண்டும். இனந்தெரியாத இன்னொரு நாய் வேட்டையில் கலந்துகொண்டால், எது கொன்றது என்ற சந்தேகத்தின் காரணமாக அந்த வேட்டையே விலக்கப்படும். ஒரு முயலை உண்பதற்கே இவ்வளவு நிரூபணம் கேட்ட மரபு, ஒரு மனிதனைச் சந்தேகிக்க எவ்வளவு கேட்கும்!

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கு ஐந்து நாட்களின் பின்னர், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் நடந்ததை உலகம் அறியும். ஒரு வாடகை வீட்டில் மறைந்திருந்தவர்கள், படையினர் நெருங்கியபோது குண்டுகளை வெடிக்கச் செய்தனர். சிறு பிள்ளைகளும் மாண்டனர். அந்த வீட்டை முதலில் மோப்பம் பிடித்தது எந்த நாயும் அல்ல. புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகங்கொண்டு விசாரித்த, பின்னர் தகவல் கொடுத்த அயலவர்கள், அவ்வூர் முஸ்லிம்கள். வெடிபொருளைக் கண்டுபிடிக்கும் மிகச் சிறந்த கருவி அன்று அயலவரின் நம்பிக்கையாகத்தான் இருந்தது. அதற்குத் தீனிச் செலவு கிடையாது. ஆனால் காரணமின்றி 500 பேரை அவமதிக்கும் ஒவ்வொரு சோதனையும் அந்த நம்பிக்கையில் கொஞ்சத்தைச் செலவிடுகின்றது.

நாய்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வடக்கில் அவற்றின் மூக்கால் பிழைத்த கால்கள் உண்டு. கண்ணிவெடி நாய்க்கு இருக்கும் அதே கணக்கேடு பொலிஸ் நாய்க்கும் இருக்கட்டும் என்கிறேன்: எத்தனை தடவை காட்டியது, எத்தனை தடவை சரி, எத்தனை தடவை பிழை, கடைசியாக எப்போது பரீட்சிக்கப்பட்டது. இளைய நிருபர்கள் "மோப்ப நாய் சகிதம்" என்று எழுதும்போது இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு எழுதட்டும்.

அந்த வாப்பா இப்போது உயிருடன் இல்லை. அவர் மகனின் வீட்டைப் பற்றி நான் எழுதிய செய்திக்குத் திருத்தம் எதுவும் அன்று எழுதவில்லை. பிந்தியேனும் அது இதுதான்: நாய் அந்தப் படலையருகே நின்றது உண்மை. அது எதையும் அடையாளம் காட்டவில்லை. அடையாளம் காட்டியவன் நான்.